மாப்பிள்ளைக்கு என்ன கலர்?

தலைமை ஆசிரியை மேடை ஏற இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மண்டபத்தில் நாற்காலி போட்டாயிற்று. மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தாயிற்று. டீச்சரின் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருந்த பழைய மாணவர்கள், தலை நரைத்த பிறகும் பழக்கம் விடாமல், கடைசி வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், எல்லாமும் வந்துவிட்டது. டீச்சரின் பற்கள் மட்டும் வரவில்லை.

அந்தப் பற்கள் ஊரின் இன்னொரு மூலையில், ஒரு பல்செட் செய்யும் லேபின் பின்னறை அலமாரியில், மெழுகு வேலைக்கு ஒதுக்கிய தட்டில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தன. அங்கே கொண்டுபோய் வைத்தது அத்தையின் கை. வைக்க வைத்தது மாப்பிள்ளையின் மூளை.

அந்த மூளைக்குச் சொந்தக்காரரோ முன்னறையில் கம்ப்யூட்டரிலிருந்து ரெண்டடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, திரையை ரசித்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை ஒரே மஞ்சளில் குவிந்து கிடந்த ஃபோல்டர்கள் எல்லாம் இன்று ரோஸ், நீலம், பச்சை என்று வரிசை கட்டி நின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

அவர் லேபுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தார். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசப்போகும் விஷயத்துக்குப் பவுடர் பூசி, தலை வாரி, சட்டை மாட்டி அனுப்புவதுதான் வேலை. விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை, பேசுகிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. அந்தக் கம்பெனி ஒருநாள் நஷ்டத்தைக்கூட அழகான வட்டப் படமாக வரையச் சொல்லி வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டது.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும் எங்கம்மா லேப்ல போய் போன் எடுங்களேன்" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவளுக்கு எதையும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்துச் சொல்லித்தான் பழக்கம். "காலையில போன். மத்தியானம் பார்சல். அவ்வளவுதான். எதையும் அழகுபடுத்தாதீங்க."

முதல் இரண்டையும் மாப்பிள்ளை ஒழுங்காகச் செய்தார்.

சும்மா சொல்லக்கூடாது, போன் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். எந்தப் பல் டாக்டர் கத்திவிட்டு மறந்துபோவார், எந்த டாக்டர் சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. பின்னறையில் ஓடும் தேய்ப்பு மோட்டாரின் சத்தத்தை வைத்தே, அத்தையிடம் இப்போது பேசலாமா, பத்து நிமிஷம் கழித்துப் பேசலாமா என்று சொல்லிவிடுவார். மெழுகு உருகும் வாடையும் நகப்பூச்சு மாதிரி ஒரு நெடியும் கலந்த அந்த ரெண்டு அறை, எப்போது என்று தெரியாமல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் தட்டுத் தட்டாக இருக்கும் பல்வரிசைகள் "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சிரிப்பதுபோல இருக்கும். பழைய கம்பெனியில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அத்தை எதற்கும் நேரான பதில் சொல்லமாட்டார்.

ஆமாம், இல்லை என்ற ரெண்டு சொல்லும் அத்தையின் வாயில் முளைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்த அவசரத்தில் தனக்கு அந்த ரெண்டையும் வைத்துக்கொள்ள மறந்துவிட்டாரோ என்னவோ. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை நேரில் போய், வியர்த்து விறுவிறுத்து, "உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேங்க" என்று கேட்டபோது, அத்தை கையிலிருந்த மேல்வரிசையைத் துடைத்தபடி சொன்ன பதில் இது: "அவளுக்குக் காலைல சீக்கிரம் எந்திரிக்க வராது." அது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் ரெண்டு நாள் சாப்பாடு இறங்காமல் அலைந்தார். கடைசியில் அவள்தான் ஆள் விட்டுச் சொன்னாள், "சரின்னுதான் அர்த்தம், லூசு" என்று.

இப்போது மறுபடியும் அதே நிலைமை. வெளியூரில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. அதே பவுடர், அதே சட்டை, கொஞ்சம் பெரிய மேஜை. வருகிறேன் அல்லது வரவில்லை என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். போக மனசில்லை. ஆனால் "கிடைக்கிற வரைக்கும்" என்று வந்து உட்கார்ந்தவன், கிடைத்த பிறகும் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பேர் என்ன? லேபுக்குத் தான் தேவையா, அல்லது மகளுக்காக அத்தை பொறுத்துக்கொள்கிற தொந்தரவா? இது ஒன்று தெரிந்தால் போதும். அதைக் கேட்கத்தான் வாரம் முழுக்க முயன்றார்.

"அத்தை, ஒரு வேலை வந்திருக்கு. போகட்டுமான்னு யோசிக்கிறேன்."

"வெளியூர்ல தண்ணி எப்படின்னு பாத்துக்கோங்க."

மறுநாள்: "நான் போயிட்டா உங்களுக்குச் சமாளிக்க முடியுமா அத்தை?"

"முன்னாடி சமாளிக்கலையா?"

அதற்கும் மறுநாள்: "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்களேன்."

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

இந்த "உங்க இஷ்டம்" இருக்கிறதே, இதைவிட "வெளியே போ" என்று சொன்னால்கூடத் தேவலை. மனைவியிடம் புலம்பினார். அவள் பல் தேய்த்துக்கொண்டே, நுரையோடு, "பொறந்ததுலேர்ந்து நான் கேட்டுட்டிருக்கேன், எனக்கே ஒரு பதில் வந்ததில்ல. வரிசையில வாங்க" என்றாள்.

சரி, வாயால் கேட்டு வேலைக்கு ஆகாது, போகிறதாக இருந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போவோம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். நல்ல காரியம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதையும் அழகுபடுத்தாதே என்று மனைவி சொல்லியிருந்த அந்த ஒன்று.

லேபின் கம்ப்யூட்டரைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவு, பல்லின் நிறம், என்றைக்குத் தரவேண்டும் என்ற விவரம் எல்லாம் ஆளுக்கொரு ஃபோல்டராக அதில் கிடக்கும். எல்லாம் ஒரே மஞ்சள். பெயர்கள் அத்தை வைத்தவை. 'புதுசு'. 'புதுசு 2'. 'கடைசி'. 'இதுதான் கடைசி'. 'இதுதான் கடைசி மாத்தினது'. ஒன்றின் பெயர் 'பாக்கணும்'. திறந்தால் உள்ளே இன்னொரு ஃபோல்டர், 'பாத்தாச்சு'. இதில் அத்தை எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறார் என்பது கடவுளுக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"அத்தை, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தட்டுமா?"

"பண்ணினாலும் அதேதான், பண்ணாட்டியும் அதேதான்."

இதை மாப்பிள்ளை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். நேற்று அத்தை ஒரு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வலதுபக்க பட்டனை அழுத்தினார், 'ஐகானை மாற்று' என்ற இடத்துக்குப் போனார், உலகத்தையே மறந்தார். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நோயாளியின் பேர் வைத்தார். அப்புறம் நிறம். பெண்களுக்கு ரோஸ். ஆண்களுக்கு நீலம். டாக்டர்களின் பொது விஷயங்களுக்குப் பச்சை. தனக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு, 'மாப்பிள்ளை' என்று. கம்பெனியிலிருந்து வந்த கடிதம், பழைய விண்ணப்பம், லேபின் வாசல் போர்டுக்கு வரைந்து வைத்த படங்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. அதற்கு என்ன நிறம் என்று தெரியவில்லை, பழைய மஞ்சளாகவே விட்டுவிட்டார்.

இன்று காலை அத்தை வந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"கலரா இருக்கு" என்றார் அத்தை.

அப்புறம் எழுந்து, வாசல் பக்கத்து ரேக்கில் பார்சலுக்குத் தயாராக இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நாள் முழுக்க உள்ளே மோட்டார் விட்டுவிட்டு ஓடியது. அத்தைக்கு வேலை ஜாஸ்தி, இன்றைக்குப் பார்சல் கிடையாது போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

போனில் டாக்டர். கத்திவிட்டு மறந்துபோகும் ரகம். இப்போது கத்தும் கட்டத்தில் இருந்தார். "மத்தியானம் வரவேண்டிய செட் எங்கய்யா? டீச்சர் உக்காந்து உக்காந்து பாத்துட்டு வெறும் வாயோட விழாவுக்குப் போயிட்டாங்க. நான் வெளியூர் கிளம்பிட்டேன். பழைய செட்டும் உடைஞ்சு போச்சு. அவங்க எப்படிய்யா பேசுவாங்க?"

மாப்பிள்ளை வாசல் ரேக்கைப் பார்த்தார். டீச்சரின் டப்பா அங்கே இல்லை. பின்னறைக்கு ஓடினார்.

"அத்தை, தலைமை ஆசிரியை செட் அனுப்பலையா?"

"எப்படி அனுப்பறது? நீங்கதான் ரோஸ் போட்டிருக்கீங்களே."

"ரோஸ்னா?"

"மெழுகு."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை அலமாரியைக் கைகாட்டினார். ஒரு வருஷமாக தினமும் பார்த்த அலமாரி. இன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. மேல் தட்டில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி வெள்ளை மாவில் வார்த்த அச்சுகள். அடுத்ததில் மஞ்சள் மாவில் வார்த்த கெட்டி அச்சுகள். அதற்கும் கீழே, பல்லை நட்டுப் போட்டுப் பார்ப்பதற்காக ரோஸ் மெழுகில் செய்த ஈறுகள். இன்னும் திருத்தலாம், மாற்றலாம் என்கிற கட்டம் அது. மேஜைமேல் நோயாளி கடித்துப் பார்க்கும் நீலத் தாள். அந்த அறையில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைச் சொன்னது. அத்தையின் கை அதைப் பார்த்துத்தான் நகரும்.

"அது பொம்பளைங்களுக்கு ரோஸ் அத்தை..." மாப்பிள்ளையின் குரல் கீழே போய்விட்டது. "ஆம்பளைங்களுக்கு நீலம்..."

அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "பல்செட்டுக்கு ஏது மாப்பிள்ளை ஆம்பளை பொம்பளை? அப்ப நீலம் கடியைப் பாக்கறதுக்கு இல்லையா? காலைலேர்ந்து அத்தனை ஆம்பளைங்க செட்டையும் எடுத்துக் கடி சரிபாத்துட்டு உக்காந்திருக்கேன். எல்லா ஆம்பளைங்களும் ஒழுங்காத்தான் கடிக்கிறாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை!"

"டாக்டர் ஏதாச்சும் போன்ல சொல்லியிருப்பாரு, மெழுகுக்குத் திருப்பணும்னு நீங்க குறிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்." அத்தை ஏற்கனவே மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வண்டிய எடுங்க. பேச்செல்லாம் அப்புறம்."

மாப்பிள்ளை டாக்டருக்கு போன் போட்டு, அத்தையே நேரில் மாட்டிவிடலாமா என்று கேட்டார். "அந்தம்மா கை போதும், எப்படியாவது பல்லைக் கொண்டுபோய் சேருங்க" என்று டாக்டர் மறக்கும் கட்டத்துக்கு வந்தார்.

மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் அத்தை ஏறியது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் "நடந்தா காலுக்கு நல்லது" என்பார். இன்று பற்கள் இருக்கும் டப்பாவை மடியில் வைத்து, பல்லைத் தேய்க்கும் கைமோட்டார் இருந்த பையைத் தோளில் மாட்டி, இன்னொரு கையால் மாப்பிள்ளையின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் காலர் மாப்பிள்ளையின் தொண்டையை நெரித்தது. நெரிப்பதற்கு அத்தைக்கு இன்று எல்லா உரிமையும் உண்டு.

"மெதுவா போகட்டுமா அத்தை?"

"டீச்சர் மெதுவாவா பேசப்போறாங்க?"

டீச்சர் ஆசிரியர்கள் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை, நல்ல தலைவாரல், வாயில் மட்டும் கைக்குட்டை. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பேசவில்லை. கைக்குட்டையை எடுத்தால்தானே பேசுவது. நேராகக் கரும்பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, கோடு போட்ட மாதிரியான எழுத்தில் எழுதினார்: "தாமதம். காரணம்?"

மாப்பிள்ளைக்கு வயது நாற்பது. தன்னை அறியாமல் கையைத் தூக்கினார்.

"நான்தான் டீச்சர். ஃபோல்டருக்குக் கலர் அடிச்சேன்."

டீச்சரின் புருவம் மேலே போயிற்று. இத்தனை வருஷ வேலையில் அவர் கேட்ட சாக்குகளில் இது புதுசு.

அதற்குள் அத்தை குறுக்கே வந்தார். "கலர் அடிச்சது அவரு. கேக்காம நகத்தினது நான். வாயைத் திறங்க டீச்சர்."

திறந்தார். கீழ் வரிசை சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. மேல் வரிசையும் உட்கார்ந்தது. அத்தை நீலத் தாளை நடுவில் வைத்து, "கடிங்க" என்றார். எடுத்துப் பார்த்தார். பின் பக்கம் ஒரு பல்லில் மட்டும் நீலம் அழுத்தமாக ஒட்டியிருந்தது. கைமோட்டார் ஒரு நொடி ஓடியது. மறுபடியும், "கடிங்க." இப்போது எல்லாப் பல்லிலும் சமமாகப் புள்ளி. "தண்ணி குடிங்க. கன்னத்துல குத்துதா?" டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை நீட்டியபடி, பிறந்ததிலிருந்து இவ்வளவு பயபக்தியாக எதையும் நீட்டியதில்லை என்பதுபோல் நின்றார்.

டீச்சர் சுவரிலிருந்த கண்ணாடியில் பார்த்தார். உதட்டைச் சேர்த்தார், பிரித்தார். பிறகு திரும்பி, புதுப் பற்களுக்கு நடுவே தம் முதல் வாக்கியத்தைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

"ரெண்டு பேரும் வெளியே போய் நில்லுங்க."

நின்றார்கள். மண்டபத்துக்கு வெளியே, நீளமான தாழ்வாரத்தில், சுவரோரமாக. உள்ளே கைதட்டல் எழுந்து அடங்கியது. டீச்சர் பேச ஆரம்பித்தார். கண்ணீர் மல்கும் பேச்செல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கடைசி வரிசையை முன்னால் வரச் சொன்னார். நாற்காலிகள் இழுபடும் சத்தமும் சிரிப்பும் தாழ்வாரம் வரை வந்தன.

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் என்ன பேசுகிறார் என்பதை அவர் கேட்கவில்லை. பல் என்ன பேசுகிறது என்று கேட்டார். "'ச' சொல்றப்ப விசில் அடிக்கல" என்று தமக்குள் சொன்னார். கொஞ்சம் கழித்து, "'ஃப'வும் தெளிவா வருது."

மாப்பிள்ளை கைகட்டி நின்றார். நல்ல சந்தர்ப்பம், இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அத்தை, இந்த வேலை விஷயம்... நான் போறதே நல்லதுன்னு நினைக்கிறேன். இன்னிக்கு பாத்தீங்கல்ல."

"பேசறாங்க. கேளுங்க" என்றார் அத்தை.

வேறு வழியில்லாமல் கேட்டார். கேட்கிற காது ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். அத்தை டாக்டர்கள் எழுதி அனுப்பும் எதையும் ஒருமுறை படித்து நம்பமாட்டார். போன் போடச் சொல்லுவார், மறுபடியும் போடச் சொல்லுவார், "பல்லு நிறம் நிஜமா இதானான்னு கேளுங்க" என்பார். சொந்த மகள் சமைத்த குழம்பையே நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் தட்டில் ஊற்றிக்கொள்வார். அப்படிப்பட்டவர், இன்று காலை, அனுப்பத் தயாராக முடித்து வைத்த செட்டை, ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டு, வாய் பேசாமல் எடுத்துத் திரும்ப மெழுகுக்கு வைத்திருக்கிறார். ஏன்? மாப்பிள்ளை குறித்திருக்கிறார் என்பதால். விஷயம் அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது அவமானமாக இருந்தது. இப்போது, தாழ்வாரத்தில், அப்படித் தோன்றவில்லை. கசங்கிய காலரை நீவி நேராக்கிக்கொண்டார்.

ஆனாலும் அது பதில் இல்லையே. பதில் மாதிரி ஒன்று. அத்தையிடம் எல்லாமே மாதிரிதான், அச்சு எடுத்துக் காட்டுவார், பல்லைக் காட்டமாட்டார்.

விழா முடிந்து டீச்சர் வெளியே வந்தார். பின்னால் மாணவர் கூட்டம். இவர்கள் ரெண்டு பேரும் இன்னும் சுவரோரமாக நிற்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு சத்தம்போட்டுச் சிரித்தார். புதுப் பல் அத்தனையும் தெரிந்தது. "ஐயோ, நிஜமாவே நின்னீங்களா? போங்க, போய் வீட்டுப்பாடத்தைப் பாருங்க."

லேபுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் பையில் போன் ரெண்டு தடவை துடித்தது. ஒன்று கம்பெனி: "உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்." இன்னொன்று மனைவி: "எங்கம்மாவ ஸ்கூட்டர்ல ஏத்துனீங்களாமே?? கீழ விழுந்தது யாரு??" ரெண்டுக்கும் பதில் போடவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் பழைய மஞ்சளாக்கிடறேன் அத்தை. பேரைக்கூட பழையபடி வச்சிடறேன். புதுசு, புதுசு ரெண்டு..."

அத்தை பின்னறைக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இதுவும் முதல் தடவை.

"பேரு நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்றார். "கலர மட்டும் மாத்துங்க. மாவுல இருக்கறதெல்லாம் வெள்ளை."

மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார். கிண்டலா என்று தெரியவில்லை. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று வலதுபக்க பட்டனை அழுத்தினார். வெள்ளை. கெட்டி அச்சுக்கு மஞ்சள். போட்டுப் பார்க்க வேண்டியது ரோஸ். கடி சரிபார்க்க வேண்டியது நீலம். அத்தை சொல்லச் சொல்ல மாற்றினார். "அது இல்ல, அந்தக் கிழவர் கீழ் வரிசை, அவருக்கு இன்னும் மாவே ஊத்தல" என்று நடுவில் திருத்தினார் அத்தை. ஒரு கட்டத்தில் மௌஸைத் தாமே வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு ஃபோல்டரை ரோஸ் ஆக்கினார். ஆனதும் பின்னால் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பார்த்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"மிட்டாய்க் கடை மாதிரி இருக்கு" என்றார் அத்தை. அதில் குறை எதுவும் இல்லை.

"முடிஞ்சதுக்கு என்ன கலர்?"

"முடிஞ்சதுக்கு எதுக்குக் கலர்? போய் யாரு வாயிலயாவது இருக்கும்."

மாப்பிள்ளை சிரித்தார். தலைமை ஆசிரியையின் ஃபோல்டரிலிருந்து நிறத்தை எடுத்தார். ஒவ்வொன்றாக முடிந்தது. திரையின் ஓரத்தில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. 'மாப்பிள்ளை'.

அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஃபோல்டரை வைத்துக் கேட்பது அசட்டுத்தனம்தான், ஆனால் வாரம் முழுக்கக் கேட்க நினைத்த கேள்வி கடைசியில் தானாகவே வந்து வாசலில் நிற்கிறது.

"இதுக்கு என்ன கலர் போடட்டும் அத்தை?" குரலை லேசாக வைத்துக்கொண்டார். "ரோஸ்தானே? சும்மா வச்சுப் பாக்கறது. சரியா வரலேன்னா எடுத்துடலாம்."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையின் ஓரத்தில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை மாப்பிள்ளை அதிகம் பார்த்ததில்லை. கண் அப்படியே மகளின் கண் மாதிரி இருந்தது.

"கலர் கலரா கேக்காதீங்க மாப்பிள்ளை. வாரம் பூரா சுத்திச் சுத்தி வர்றீங்க. போகட்டுமா, சமாளிப்பீங்களா, யோசிக்கிறேன்... போறேன் போறேன்னு வந்து நிக்கறவர்கிட்ட நான் என்னத்தச் சொல்றது? கேக்க வேண்டியத நேரா கேளுங்க."

அத்தை சொன்னது உண்மை. அத்தை நேராகப் பதில் சொல்லாதவர் என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே ஒழிய, தான் ஒரு தடவையாவது நேராகக் கேட்டாரா? ஒவ்வொரு கேள்விக்கும் பவுடர் பூசி, தலை வாரி, சட்டை மாட்டித்தான் அனுப்பியிருக்கிறார். உள்ளே விஷயம் என்னவென்று அத்தைக்கு எப்படித் தெரியும்?

மௌஸிலிருந்து கையை எடுத்தார். ஸ்டூல் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் இங்க இருக்கணுமா, போகணுமா அத்தை?"

"இருக்கணும்" என்றார் அத்தை. "நீங்க போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்."